பின்சக்கரத்தில் பூத்த உப்பு

என் மனைவி திருவிடந்தைக் கடற்கரைக் குப்பத்தில் பிறந்தவள். கல்யாணமாகிக் கேளம்பாக்கம் வந்த பிறகும் மீனை விடவில்லை. விடிந்ததும் என் பைக்கை எடுத்துக்கொண்டு குப்பத்துக்குப் போவாள். படகு கரையேறியதும் மீன் வாங்கி, பின்னால் கட்டிய ஐஸ் பெட்டியில் நிரப்பி வந்து, அடுக்குமாடி வீடுகளில் விற்பாள். ஒன்பது மணிக்கு வண்டி என் கைக்கு வரும். மீன் வாடையோடு ஆபீஸ் போவேன்.

போன வருஷம் பின்சக்கரத்தில் காற்று நிற்காமல் போனது. மாலையில் அடித்தால் காலையில் சப்பையாகக் கிடக்கும். பஞ்சர் கடைக்காரர் டயரில் ஆணி எதுவும் இல்லை என்றார். சக்கரத்தைத் தண்ணீர்த் தொட்டியில் அமிழ்த்தியபோது, டயரும் விளிம்பும் சேரும் இடத்திலிருந்து குமிழி வந்தது. டயரைக் கழற்றினார். அலாய் வீலின் பெயின்ட் கொப்பளித்து, அடியில் சுண்ணாம்பு போல வெள்ளைப் பொடி.

"உப்பு துன்னுகினு கீது அண்ணாத்த," என்றார்.

நேராக வீட்டுக்கு வந்து, "எல்லாம் உன் மீன் தண்ணி பண்ண வேலை" என்று அவளிடம் கத்தினேன். மறுநாள் பெட்டியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு ஷேர் ஆட்டோவில் போய் வந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை அவளுடைய தம்பி வந்தான். ஃபைபர் படகுகளுக்குப் பெயின்ட் அடிப்பவன். வண்டியிலிருந்து வீலைக் கழற்றி, டயரையும் எடுத்துவிட்டுத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"மாமா, இத்த இன்னா போட்டுக் கழுவுனே?"

பளபளவென்று இருக்கட்டும் என்று பாத்ரூம் ஆசிட்டை ஊற்றிக் கம்பி பிரஷால் தேய்த்து வந்ததைச் சொன்னேன்.

"அய்ய! நீ தோலை உரிச்சு வுட்ட. உப்பு உள்ள பூந்துகிச்சு. அக்கா இன்னா பண்ணும்?"

சமையலறையிலிருந்து அவள் எட்டிப் பார்த்தாள். "தப்பு என்னுதுதான்" என்றேன்.

"அந்த ஆசிட் டப்பாவ மொதல்ல தூக்கிப் போடு," என்றாள். முகத்தில் சிரிப்பு வந்துவிட்டது.

மூவரும் மொட்டை மாடியில் உட்கார்ந்தோம். விளிம்பில் விரிசல் இல்லை, மேலோட்டமான அரிப்புதான் என்று தம்பி பார்த்துச் சொன்னான். வெள்ளைப் பொடி முழுக்கப் போய் உலோகம் தெரியும்வரை உப்புத்தாளால் தேய்த்தோம். நல்ல தண்ணீரில் கழுவிக் காயவைத்ததும், படகுக்கு அடிக்கிற பிரைமரை அவன் மெல்லிசாகப் பூசினான். மேல்பூச்சு அடுத்த ஞாயிறுதான் என்று சொல்லிவிட்டான்.

அந்த வாரம் நானும் அவளோடு குப்பத்துக்குப் போனேன். பெட்டியின் ஒரு பிடி அவள் கையில், இன்னொன்று என் கையில். வீட்டில் மெல்லப் பேசுகிறவள், படகடியில் நாலு ஆண்களின் குரலை அடக்கி மீனை ஏலம் எடுத்தாள். நான் வாய் பிளந்து நின்றேன்.

தம்பியிடம் மிச்சமிருந்தது நீலம் மட்டும். அதையே அடித்தான். அதற்குப் பிறகு டயரில் காற்று இறங்கவில்லை. ஒரு சக்கரம் கறுப்பு, ஒன்று நீலம் என்று ஆபீஸில் கேலி செய்கிறார்கள்.

விடுமுறை நாட்களில் இப்போதும் குப்பத்துக்குப் போகிறேன். அவள்தான் ஓட்டுவாள், பெட்டி என் மடியில். வரும்போது அது மீனோடு என் இடத்தில் ஏறிக்கொள்ளும். நான் பஸ்ஸுக்கு நிற்பேன்.