பாலில் இருக்கும் இன்னொரு சர்க்கரை

வேலை தொடங்குவதற்கு முன் அக்கா ஃபேனை நிறுத்திவிடுவார். திருவனந்தபுரத்துப் புழுக்கத்தில் அது லேசான தண்டனை இல்லை. ஆராய்ச்சிக்கூடத்தில் எனக்கு மூத்தவர், அதே ஊரில் ஸ்ரீவராகம் பகுதிக்காரர். அவருடைய சோதனையில் உப்புத்தண்ணீருக்கு நடுவே மெல்லிய கொழுப்புப் படலம், அதில் ஒரேயொரு புரதத் துளை. காற்று கொஞ்சம் பலமாக அடித்தாலும் படலம் கிழியும், அன்றைய வேலை காலி.

"வேர்த்து ஊத்துதுக்கா. உங்க படலத்துக்கு ஏசி ரூம் போட்டுக் குடுத்துடலாம்."

"மிண்டாம இருடா. மொதல்ல உன் வாய்க்கு ஒரு மூடி போடணும்."

துளை வழியாக மின்சாரம் சீராக ஓடும். ஒரு மூலக்கூறு உள்ளே மாட்டினால் சட்டென்று குறையும். எவ்வளவு, எத்தனை நேரம் என்று பார்த்தால் வந்தது யார் என்று தெரியும். அக்கா பிரிக்க நினைத்தது குளுக்கோஸையும் காலக்டோஸையும். ஒரே அணுக்கள், ஒரே எடை. ஒரு முனை மட்டும் மறுபக்கம் திரும்பியிருக்கும்.

ஏன் அந்த இரண்டு என்று லேபில் எல்லோருக்கும் தெரியும், யாரும் பேசுவதில்லை. அக்காவுக்கு ஒரு மகன் பிறந்தான். தாய்ப்பாலிலிருந்து வரும் காலக்டோஸை அவன் உடம்பால் கையாள முடியவில்லை. அது விஷமாகச் சேர்ந்தது. வாந்தி எடுத்தான், மஞ்சளானான். இளைக்கிறானே என்று அக்கா இன்னும் ஊட்டினார். ரத்தப் பரிசோதனை முடிவு வந்தபோது குழந்தை இல்லை.

மாதக்கணக்கில் இரண்டும் ஒன்றாகவே தெரிந்தன. பிறகு, சர்க்கரையைப் பிடித்து நிறுத்தும் ஒரு வேதிக் கொக்கியைத் துளைக்குள் பொருத்தினார். ஒரு மத்தியானம் எந்தக் குப்பியில் எது என்று சொல்லாமல் நான் எடுத்துக் கொடுத்தேன். திரையில் கோடு ஒன்றுக்கு ஒரு படி இறங்கியது, மற்றதற்கு வேறு படி. ஒவ்வொன்றையும் சரியாகச் சொன்னார். நான் கத்தியே விட்டேன்.

எங்கள் பேராசிரியர் நல்லவர், மறதிக்காரர். சந்தோஷம் என்றால் ஊர் வழக்கப்படி போளியும் பால்பாயசமும் வாங்கிவிடுவார். அன்றும் வாங்கினார். கிண்ணத்தை நீட்டிய பிறகுதான் அவருக்கு உறைத்தது.

"அய்யோ, மோளே…"

"பரவாயில்ல சார்."

அக்கா வாங்கிக்கொண்டார். குடிக்கவில்லை. இரண்டு கையாலும் பிடித்தபடி திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பாயசத்தின் மேல் ஆடை படிந்தது.

"இத்தனை சீக்கிரம் தெரிஞ்சுடறதேடா" என்றார். "ஒரு வாய் பால் குடுக்கற நேரத்துல."

அந்த மாதத்தோடு அக்கா வேலையை விட்டார். இப்போது அந்தத் துளையை நான்தான் இயக்குகிறேன். ஒவ்வொரு தடவையும் விடை உடனே வந்துவிடுகிறது.