‘பெரிய பொண்ணுதான் சார்’ என்று சொல்லிவிட்டேன்

போன ஆகஸ்ட் மாதம் என் மகள் ஸ்டெல்லா தனியாக இத்தாலிக்குப் போக வேண்டியிருந்தது. அவளுக்கு வயது பதினைந்து. அவளை எந்த விமானத்தில் ஏற்றுவது என்று தெரியாமல் நான் தவித்த தவிப்பையும், மாதாவின் வேண்டுதலால் ஆண்டவர் செய்த உதவியையும் உங்கள் முன் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

என் மனைவி ஃபிலோமினா அங்கே ஒரு வயதான அம்மாளைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருக்கிறாள். மகளை அழைத்துக்கொள்ள அனுமதி கிடைத்தது. எனக்கு இன்னும் விசா வரவில்லை. மனைவிக்கும் வந்து அழைத்துப்போக லீவு இல்லை. மகளின் விசாவில் போட்டிருந்த கடைசி நாளோ நெருங்கிவிட்டது.

நான் எட்டாவதோடு ஊர் சுற்றப் போனவன். லாரியில் கிளீனர், பம்பாயில் ஓட்டல் வேலை என்று எங்கெங்கோ இருந்தேன். விஜயவாடா பிளாட்பாரத்தில் படுத்திருக்கிறேன். பசி பழகிவிடும். பக்கத்தில் வந்து உட்கார்ந்து, டீ வாங்கிக் கொடுத்து, ‘கூட யார் வந்திருக்காங்க?’ என்று கேட்கிறவர்களிடம்தான் பயம். சாந்தோமில் எங்கள் குப்பத்து ஜனங்கள் பிளேன் விழுந்துவிடுமோ என்று பயந்தார்கள். நான் அது நிற்கும் இடத்துக்குப் பயந்தேன்.

சென்னையிலிருந்து மனைவி இருக்கும் ஊருக்கு நேரே விமானம் கிடையாது. நடுவில் அரபு நாட்டு ஊர் ஒன்றில் இறங்கி வேறு விமானம் ஏற வேண்டும். தி.நகரில் துணிக்கடைக்கு மேலே இருந்த டிராவல்ஸில் இரண்டு வழி சொன்னார்கள். ஒன்றில் டிக்கெட் மலிவு. ஆனால் ராத்திரி முழுக்க அங்கே காத்திருக்க வேண்டும். இன்னொன்றில் காத்திருக்கும் நேரம் மிகக் குறைவு. முதல் விமானம் கொஞ்சம் தாமதமானாலும் அடுத்தது போய்விடும்.

காத்திருந்தால் யாராவது பேச்சுக் கொடுப்பார்கள். தவறவிட்டால் அந்நிய ஊரில் நிற்பாள். இரண்டையும் நினைத்து நினைத்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

மைத்துனன் அந்தோணி சிரித்தான். “இன்னா மாமா நீ? தீபாவளி டைம்ல ரங்கநாதன் தெருவுலயே தொலையாதவ. ஏர்போர்ட்ல தொலைஞ்சிடுவாளா?”

“ரங்கநாதன் தெருவுல நான் கையைப் புடிச்சிக்கினு இருந்தேன்டா” என்றேன்.

அன்று சாயங்காலம் கோயிலுக்குப் போனேன். எனக்கு அழகாகச் செபிக்க வராது. “எந்த பிளேனுன்னு எனக்குத் தெரியலம்மா. நீ ஒரு தாய். இவளுக்கு ஒரு துணையை அனுப்பு” என்று மட்டும் சொன்னேன். எங்கள் கோயில் பங்குக் குடும்பங்களில் யாராவது அந்தப் பக்கம் போகிறார்களா என்று விசாரித்தேன். ஒருவரும் இல்லை.

மறுநாள் மனதைக் கல்லாக்கிக்கொண்டு மலிவு டிக்கெட்டையே போடச் சொன்னேன். ராத்திரி ஆனாலும் அடுத்த விமானத்தைத் தவறவிட மாட்டாள் அல்லவா? ஸ்டெல்லாவும் கூட வந்திருந்தாள். டிராவல்ஸ்காரர் பாஸ்கர் கம்ப்யூட்டரைத் தட்டிக்கொண்டே சும்மா கேட்டார்.

“அங்க எந்த காலேஜும்மா?”

“காலேஜா? நான் இப்பதான் டென்த் முடிச்சிருக்கேன் அங்கிள்.”

அவர் கை அப்படியே நின்றது. “சார், பெரிய பொண்ணுன்னு சொன்னீங்களே?”

“பெரிய பொண்ணுதான் சார்” என்றேன்.

ஸ்டெல்லா தலையில் அடித்துக்கொண்டாள். “ஐயோ நைனா, மானத்தை வாங்காதே!”

வயதுக்கு வந்த பிள்ளையை நம் வீடுகளில் அப்படித்தானே சொல்கிறோம்? முதல் நாள் ‘பெரியவங்களா, சின்னவங்களா’ என்று அவர் கேட்டபோதும் அதைத்தான் சொன்னேன். அவர் பதினெட்டு முடிந்தவள் என்று எடுத்துக்கொண்டார். நான் தேர்ந்தெடுத்த விமானத்தில் இந்த வயதுப் பிள்ளையைத் தனியாக ஏற்றவே மாட்டார்களாம். பெட்டியோடு திருப்பி அனுப்பியிருப்பார்கள்.

“இன்னொரு கம்பெனில துணைக்கு ஆள் போடுவாங்க சார். இங்க கவுன்டர்ல நீங்க ஒப்படைச்சா, அங்க அவங்க அம்மா கையில கொடுக்கிற வரைக்கும் அவங்க பொறுப்பு.”

“இத மொதல்லயே சொல்லக் கூடாதா சார்?”

“நீங்க வயசைச் சொல்லாம நான் இன்னான்னு சொல்றது?”

அந்த வசதி, காத்திருக்கும் நேரம் குறைவான விமானத்தில்தான் இருந்தது. அதற்கும் கம்பெனி சம்மதிக்க வேண்டும். பதில் வரும்வரை, என் பிழைப்பான மீன் வண்டியை ஓட்டிக்கொண்டே செபமாலை சொன்னேன். மயிலாப்பூர் சிக்னலில் பச்சை விழுந்தது தெரியாமல் நின்று திட்டு வாங்கினேன். கடைசியில் பாஸ்கர் போன் செய்தார். “ஓகே ஆயிடுச்சு சார்.” வண்டியை ஓரம் கட்டி அழுதேன்.

புறப்படும் நாளில் நல்ல மழை. கம்பெனிப் பெண் ஒருத்தி ஸ்டெல்லாவின் கழுத்தில் பாஸ்போர்ட் பையை மாட்டி அழைத்துப் போனாள். விமானம் கிளம்பும்வரை நான் அங்கேயே இருக்க வேண்டும் என்றார்கள். மழையால் அது தாமதமானது. போர்டையே பார்த்துக்கொண்டு நின்றேன். அடுத்த விமானம் போய்விடும். நான்தானே இதைத் தேர்ந்தெடுத்தேன்? மாதாவே, மாதாவே என்பதைத் தவிர வேறு வார்த்தை வரவில்லை.

விமானம் போன பிறகும் வீட்டுக்குப் போக மனமில்லை. வெளியே ஒரு தூணோரம் நின்றேன். பிறகு மீன் மார்க்கெட்டுக்குப் போய் ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருந்தேன். ஃபிலோமினாவின் போன் வந்தபோது எடுக்கவே பயமாக இருந்தது.

“வந்துட்டா” என்றாள். மகள் போனை வாங்கினாள்.

“நைனா, நடுவுல எறங்கின ஊர்ல பிளேன் கதவு தொறந்ததுமே என் பேரை எழுதி வெச்சிகினு ஒரு அக்கா நின்னாங்க. என் கையைப் புடிச்சிகினு ஒரே ஓட்டம். கூட வந்தவங்க நெறைய பேரு அடுத்த பிளேனை வுட்டுட்டாங்க. நான் மட்டும் எல்கேஜி புள்ள மாதிரி! எவ்ளோ வெக்கமா இருந்திச்சு தெரியுமா?”

வெட்கப்படட்டும். கை பிடித்து ஓட ஒருத்தி இருந்தாளே. நான் துணை கேட்டேன். பெயர்கூடத் தெரியாத அந்தப் பெண்ணை ஆண்டவர் கதவருகே நிறுத்தியிருந்தார்.

அதற்குப் பிறகு நான் மாறியிருக்கிறேன். முன்பெல்லாம் எந்தக் கஷ்டத்தையும் வாய்விட்டுச் சொல்ல மாட்டேன். எல்லாம் தெரிந்தவன்போல நடந்துவிடுவேன். இப்போது தெரியவில்லை என்றால் தெரியவில்லை என்கிறேன். தினமும் காலையில் வண்டி எடுக்கும் முன், ஊர் தெரியாத இடங்களில் தனியாக நிற்கும் பிள்ளைகளுக்காக மாதாவை வேண்டும் ஒரு மங்கள வார்த்தை செபம் சொல்கிறேன்.

பிள்ளையைத் தூர தேசத்துக்கு அனுப்பப்போகும் அப்பா, அம்மா யாராவது இதைப் படித்தால், பயத்தை உள்ளே வைத்துப் பூட்டாதீர்கள். மனிதரிடம் விவரம் கேளுங்கள். ஆண்டவரிடம் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். உங்கள் கை எட்டாத இடத்தில் அவர் ஒரு கையை வைத்திருப்பார்.