எனக்குள் இருந்த துரை

சிராங்கூன் ரோட்டில் மின்சார டிராம் புதிதாக ஓடத் தொடங்கி, அதைக் கண்டு மாடுகளைவிட நாங்கள் அதிகமாக மிரண்டுகொண்டிருந்த காலம். ஜாலான் புசார் பக்கம் ஓர் அரிசி ஆலையில் நான் கிராணி, அதாவது கணக்கெழுதும் குமாஸ்தா. கடவுள் சிலருக்கு அழகைக் கொடுக்கிறார், சிலருக்குத் தோள்பலம் கொடுக்கிறார். என் முறை வந்தபோது அவர் கையில் மிச்சமிருந்தது அடுத்தவர் தொண்டை மட்டும்தான் போலிருக்கிறது. யார் பேசினாலும் அப்படியே பேசிக் காட்டிவிடுவேன். பெட்டி நிறையப் புத்தகம் படித்தவன்தான். ஆனால் ஆலையில் எனக்கு இருந்த மரியாதை முழுக்க இந்தக் குரங்கு வித்தையால் வந்தது.

அதிலும் எங்கள் வெள்ளைக்காரத் துரையைப் போலப் பேசுவதில் நான் பேர்போனவன். துரை எங்களோடு மலாயில்தான் பேசுவார். அந்த மலாய் பாதி மூக்கு வழியாகவும் பாதி அவர் கடித்துப் புகைக்கும் சுங்கான் குழாய் வழியாகவும் வெளியே வரும்.

பாய்லருக்கு நெருப்புப் போடுகிற தஞ்சாவூர்க்காரர் ஒருவர் இருந்தார். எஞ்சின் டிரைவர் வேலை காலியானதும் அதற்குக் கேட்டார். அந்த வேலைக்குக் குடும்பத்தோடு தங்க ஓர் அறை உண்டு. ஊரிலிருக்கும் மனைவியையும், இன்னும் முகம்கூடப் பார்க்காத மகளையும் கப்பலேற்றி வரவழைத்துவிடலாம். வேலை அவருக்கு அத்துப்படி. ஆனால் துரை கேள்வி கேட்டதும் தோள் துண்டு இடுப்புக்கு இறங்கியது, வலது கை வாய்க்கு ஏறியது. மிராசுதார் முன்னால் பழகிய கை! பதில் முழுவதையும் உள்ளங்கைக்கே சொல்லி முடித்தார். துரைக்குக் கேட்டது வெறும் முனகல்தான். இவனுக்கு ஒன்றும் தெரியவில்லை என்றார்.

அது எங்கள் பக்கத்து மரியாதை என்று நான் குறுக்கே விழுந்து விளக்கினேன்.

"பாய்லர் வெடிக்கப் போகும்போதும் வாயைப் பொத்திக்கொண்டுதான் சொல்வானா?" என்றார் துரை. எனக்குக் கோபம் வந்தது. ஆனால் கேள்வி நியாயமாக இருந்து தொலைத்தது. அடுத்த வாரம் இன்னொரு தடவை பார்ப்பதாகவும், அப்போதும் இப்படியே என்றால் வெளியாளை வைத்துக்கொள்வதாகவும் சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் மத்தியானமே என் பள்ளிக்கூடம் ஆரம்பம். உமி மூட்டைதான் நாற்காலி, ஒரு மூங்கில் துண்டு சுங்கான். நான் துரையாகி அவருடைய மலாயில் உறுமுவேன். அவர் எதிரே நிற்பார். கை கிளம்பும்போதெல்லாம் "கையை இறக்கு!" என்று கத்துவேன். முதல் நாள் அவர் பேசியதைவிட நான் கத்தியதுதான் அதிகம். மூட்டை தைக்கும் நாகூர்க்காரர் ஒருவர், எங்கள் எல்லோருக்கும் அண்ணன் முறையில் 'நானா', பக்கத்தில் உட்கார்ந்து இருவரையும் வறுத்தெடுப்பார்.

"ஏம்ப்பா, இவரு நம்ம கிராணி. காலைல எங்கிட்ட ஓசி வெத்தலை கேட்டவரு. இவருக்கா நடுங்குறே?"

"ஆளு கிராணிதான் நானா. குரலு துரையால்ல இருக்கு!"

இதைவிடப் பெரிய விருது எனக்கு அதுவரை கிடைத்ததில்லை.

கை மெல்ல மெல்ல மார்போடு நிற்கப் பழகியது, பிறகு இடுப்போடு. மூட்டை தூக்குகிறவர்கள்கூட, "எனக்கும் ஒரு கேள்வி கேளுங்க கிராணியாரே" என்று வந்து நின்றார்கள்.

சோதனைக்கு முந்தின நாள் நான் உச்சக் குரலில் இருந்தேன். "பாய்லரின் நீர்மட்டக் கண்ணாடிக் குழாயில் தண்ணீர் தெரியவில்லை. என்ன செய்வாய்? சீக்கிரம்!"

அவர் பதிலுக்கு வாயைத் திறந்தார். என் தலைக்கு மேலே எதையோ பார்த்தார். கை விறுவிறுவென்று ஏறியது. பட்ட பாடெல்லாம் போச்சே என்ற ஆத்திரத்தில், மூங்கிலைக் கடித்துக்கொண்டு, "கையை இறக்கு!" என்று கர்ஜித்தேன். நானாகூடச் சிரிக்கவில்லை. அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

கை இறங்கியது. "உடனே தண்ணி விடமாட்டேன் துரை. முதல்ல நெருப்பை வெளிய இழுத்துடுவேன். சிவக்கக் காஞ்ச இரும்புல தண்ணி பட்டா பாய்லரோட நாமளும் போயிடுவோம்." கணீரென்று மலாயில் வந்தது பதில்.

"முதலில் யாரிடம் சொல்வாய்?" என்றது துரையின் குரல்.

நான் வாயே திறக்கவில்லை! என்னைக் கேட்காமலே பேசுமளவுக்கு வித்தை முற்றிவிட்டது என்று ஒரு கணம் பெருமைகூடப் பட்டேன். பிறகுதான் புகையிலை வாசம் மூக்கில் ஏறியது. என் மூங்கில் புகையாதே.

"உள்ளே இருக்கிறவங்களை வெளிய ஓடச் சொல்லிக் கத்துவேன். அப்புறம் உங்ககிட்ட ஓடி வருவேன் துரை." கை தொடையோடு ஒட்டியிருந்தது.

துரை மேலும் சில கேள்விகள் கேட்டார். இருவருக்கும் நடுவில், எழுந்திருக்கத் தைரியமில்லாமல், உமி மூட்டையோடு மூட்டையாக நான். கடைசியில் தஞ்சாவூர்க்காரரிடம், "நாளைக்குச் சோதனை வேண்டாம். எஞ்சினை எடுத்துக்கொள்" என்று சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார். என் வேலை போயிற்று என்று எழுந்து நின்றேன். வெட்கக்கேட்டை எங்கே சொல்ல, இப்போது வாயைப் பொத்திக்கொண்டிருந்தது என் கை!

"கையை இறக்கு" என்றார் துரை. "அப்புறம், நான் சுங்கானை இடது பக்கம்தான் கடிப்பேன்."

அடுத்த வேலை காலியானபோது, சோதனைக்கு வருகிறவர்கள் முதலில் கிராணியிடம் நிற்கட்டும் என்று துரையே சொல்லி அனுப்பினார். தஞ்சாவூர்க்காரரின் மனைவியும் மகளும் வந்து சேர்ந்தார்கள். என் பள்ளிக்கூடத்தையும் பிற்பாடு அவரே எடுத்துக்கொண்டார். அதே உமி மூட்டை, அதே மூங்கில், இடது பக்கக் கடிப்பு. என்னைவிட நன்றாகவே உறுமுகிறார் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் கொஞ்சம் நாள் பிடித்தது.

நான் கிராணியாகவே நுழைந்து கிராணியாகவே நரைத்துக்கொண்டிருக்கிறேன். ஆனால் அந்த மூட்டைக்கு முன்னால் நின்றவர்களில் யாராவது எஞ்சின் சத்தத்தையும் மீறித் துரைக்குக் கணீரென்று பதில் சொல்வது கேட்கும்போதெல்லாம், கடவுளிடம் என் பங்குக்கு மிஞ்சிய அந்தத் தொண்டை ஒன்றும் குறைந்த பங்கில்லை என்று நிமிர்ந்து உட்கார்ந்துகொள்கிறேன்.