சாட்சிக்கு இருந்தவர்

எண்பதுகளில் யாழ்ப்பாணத்தில், நெடுந்தீவுக்கும் குறிகாட்டுவான் துறைக்கும் இடையே பயணிகள் படகு ஓட்டினேன். படகில் யாருக்காவது அடிபட்டால் துறை அதிகாரியிடம் அறிவிக்க வேண்டும். விசாரணை முடியும்வரை படகு கட்டியே கிடக்கும். அதனால் பலர் மறைத்துவிடுவார்கள்.

ஒருநாள் அலையில் படகு ஆட, ஒரு பெரியவர் விழுந்து கையை முறித்துக்கொண்டார்.

"போய்ச் சொல்லும், நாங்கள் சாட்சிக்கு இருக்கிறம்" என்றார்கள் எல்லாரும். நம்பிப் போய்ச் சொன்னேன். அந்தப் போர்க்காலத்தில் பெயர் கொடுக்கவே பயம். அதிகாரி பெயர் கேட்டதும் அத்தனை பேரும் பஸ் ஏறிவிட்டார்கள்.

வெறுந்துறையில் தனியே நின்றேன். பின்னால் ஒரு இருமல். கையைச் சால்வையில் தொங்கவிட்டபடி அதே பெரியவர்.

"ஆஸ்பத்திரிக்குப் போகேல்லையோ ஐயா?"

"நானும் போனா உமக்கு ஆர் தம்பி இருக்கினம்?"

அன்று சாட்சி சொல்லிவிட்டுப் போனவரைப் பிறகு காணவேயில்லை. படகோட்டிய காலம் முழுவதும், துறை வெறிச்சோடும்போதெல்லாம், அந்த இருமல் கேட்காதா என்று திரும்பிப் பார்த்திருக்கிறேன்.