பக்கத்து வீட்டுக்காக வாங்கிய மருந்து

மேற்கு வர்ஜீனியாவில் எங்கள் மலைச்சந்துக்கு ஆம்புலன்ஸ் வந்து சேர நாற்பது நிமிடம் ஆகும். மூச்சு நின்றவன் அதுவரை காத்திருக்க மாட்டான். அது நேவா டாக்கெட்டுக்கு உறைத்த பிறகுதான், தீயணைப்பு நிலையத்தின் பீன்ஸ் விருந்து பள்ளிக்கூடமாக மாறியது.

நேவா இருபத்தாறு வருடமாகப் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறாள். வலி மாத்திரையில் தொடங்கி போதை ஊசியில் முடிந்துபோனவர்களில் பதினோரு பேர் அவள் பேருந்தில் ஏறி இறங்கிய பிள்ளைகள். பதினோராவது அடக்கம் முடிந்த வாரமே சார்ல்ஸ்டன் போய்ப் பயிற்சி எடுத்துக்கொண்டு, போதை மிஞ்சி மூச்சு நின்றவர்களை எழுப்ப மூக்கில் அடிக்கும் மருந்தை ஒரு பெட்டி நிறையக் கொண்டுவந்து தீயணைப்பு நிலையத்தில் வைத்தாள்.

மாதத்தின் முதல் சனிக்கிழமை பீன்ஸும் சோள ரொட்டியும் எல்லோருக்கும் உண்டு. நான் சுடும் ஆப்பிள் கேக் மட்டும் பாடம் முடித்தவர்களுக்குத்தான். நேவா, செத்துப்போன தன் புருஷனின் கோட்டை ஒரு துணிப் பொம்மைக்கு மாட்டித் தரையில் கிடத்துவாள்.

"பேரச் சொல்லிக் கூப்பிடு. நெஞ்செலும்புல விரல் முட்டியால அழுத்தித் தேய். முழிக்கலையா? போனப் போடு, மூக்குல அடி, வாயோட வாய் வச்சு ஊது. என்ன கூச்சம்? உசுரோட இருந்தப்பவே அந்த மனுஷன் யாருக்கும் முத்தம் குடுத்ததில்ல!"

மருந்தைக் கொடுக்கும்போது 'யாருக்கு?' என்று கேட்டு எழுதிக்கொள்வாள். எல்லோரும் ஒரே பதிலைத்தான் சொல்வார்கள்.

"எங்க குடும்பத்துல அப்படி யாரும் இல்லம்மா. பக்கத்து வீட்டுக்குத்தான்."

எங்கள் ஊரில் பக்கத்து வீடுகள் மட்டும்தான் இருந்தன போலிருக்கிறது.

என் வீட்டுக்காரர் ஆர்வில் கேக்குக்காகவே வந்தார். சுரங்கத்தில் கூரை சரிந்து முதுகு போனவர். வலி மாத்திரையை எப்போதோ விட்டுவிட்டதாகச் சொன்னார், நானும் நம்பினேன். அவரும் 'பக்கத்து வீட்டுக்கு' என்றார். எங்கள் பக்கத்து வீடு நேவாவுடையதுதான். மூன்று பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம்.

வாங்கிய மருந்தை விருந்தாளி கண்ணில் படாமல் ஒளித்துவைப்பதில் எங்கள் ஆட்கள் கெட்டிக்காரர்கள். பாதிப் பேர் வண்டியின் முன்பெட்டியில் போட்டுப் பூட்டிவிடுவார்கள். நேவா மாதாமாதம் கத்துவாள்: "வண்டியில வைக்காதீங்க! ஜனவரிக் குளிர்ல கல்லா உறைஞ்சிடும்."

அந்த ஜனவரியில் ஒரு காலை, பனிக்காகப் பள்ளிக்கு விடுமுறை. நேவாவின் அலறல் கேட்டு ஓடினேன். இலையுதிர் காலத்தில் ஊர் திரும்பியிருந்த அவள் மகள் ஷெல்பி, குளியலறைத் தரையில் கிடந்தாள். உதடு நீலம் பாரித்திருந்தது. அம்மாவுக்கு ஒத்தாசையாக வந்திருக்கிறாள் என்றுதான் நேவா எங்களிடம் சொல்லியிருந்தாள். அதற்கு மேல் நாங்கள் கேட்கவில்லை.

நேவா மகளின் வாயில் ஊதிக்கொண்டிருந்தாள். கையில் மருந்து. அழுத்திப் பார்த்தாள், சொட்டுகூட வரவில்லை.

"உறைஞ்சு போச்சு, ஜீன். வீட்டுக்கு வர்றவங்க பாத்துடுவாங்கன்னு... வண்டியில வச்சிட்டேன்."

ஊருக்குத்தான் உபதேசம்! அந்த நேரத்திலும் எனக்கு ஆத்திரம் பொங்கியது. அவள் முகத்தைப் பார்த்ததும் அதை விழுங்கிக்கொண்டு ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டேன்.

கைத்தடியை ஊன்றி மூச்சிரைக்க வந்து சேர்ந்தார் ஆர்வில். மேலங்கியின் மார்புப் பைக்குள் கையை விட்டுப் புகையிலை டப்பாவுக்குப் பின்னாலிருந்து ஒரு மருந்தை எடுத்தார். அவர் உடம்புச் சூட்டிலேயே இருந்தது அது.

"தள்ளு நேவா."

முதுகு வலியோடு மண்டியிட்டு, ஷெல்பியின் தலையைப் பின்னால் சாய்த்து, கற்றுக்கொடுத்தபடியே அடித்தார். நேவா மறுபடி ஊதினாள். இரண்டு நிமிடமோ மூன்றோ, எனக்கு ஒரு யுகம். திடீரென்று ஷெல்பி இழுத்து மூச்சு வாங்கினாள். கண்ணைத் திறந்ததும் எங்கள் மூவரையும் அசிங்கமாகத் திட்டினாள். அதைவிட இனிமையான பேச்சை நான் கேட்டதில்லை. ஆம்புலன்ஸ் தன் வழக்கப்படி நாற்பதாவது நிமிடத்தில் வந்தது.

அந்த மேலங்கியை வாராவாரம் துவைப்பவள் நான்தான். ஒரு தடவைகூட அந்த மருந்து என் கையில் தட்டுப்பட்டதில்லை. ஒவ்வொரு முறையும் எனக்குத் தெரியாமல் எடுத்து ஒளித்திருக்கிறார். ஏன் என்று கேட்க எனக்குப் பயமாக இருந்தது.

பிப்ரவரி விருந்தில் நேவா பொம்மையைத் தொடவே இல்லை.

"போன மாசம் விழுந்தது என் பொண்ணு. என் வீட்டுல. மானத்துக்குப் பயந்து மருந்த நானே ஒளிச்சு வச்சேன்" என்றாள்.

பிறகு மருந்து வாங்க எல்லோரும் வரிசையில் நின்றார்கள். முதல் ஆள் ஆர்வில். நேவா பழக்கதோஷத்தில் பேனாவை எடுத்தாள்.

"யாருக்கு?"

அவர் தொப்பியைக் கழற்றினார். நேவாவைப் பார்க்கவில்லை. கேக் மேசையில் நின்ற என்னைப் பார்த்தார்.

"எனக்கு."

கத்தியைக் கீழே வைத்துவிட்டுப் போய் அவர் பக்கத்தில் நின்றேன்.

"ரெண்டா குடு நேவா" என்றேன். "ஒண்ணு இவரு பைக்கு. இன்னொண்ணு எங்க சமையலறை ஜன்னலுக்கு. ரோட்டுல போறவங்க பாத்தா பாக்கட்டும்."