நின்று பார்த்தவர்

வேங்கிக்காலில் ஆட்சியரின் செய்தியாளர் கூட்டம் முடிந்து வெளியே வந்தபோது ஓவியர் முருகேசன் அழைத்தார். "அண்ணே, தனலட்சுமி அக்கா போயிட்டாங்க." அக்காவோடு சில ஆண்டுகளாகப் பேசாமல் இருந்தவர் அழுதுகொண்டே சொன்னார்.

அந்தப் பிணக்கு ஒரு கலைப் போட்டியில் தொடங்கியது. ரமணாசிரமம் பக்கம் ஒரு வாடகைக் கூடத்தில் போட்டி நடந்தது. மலையை வரைந்தே பெயர் வாங்கிய அக்கா, முந்தைய ஆண்டு ஒரு வீடியோவிடம் தோற்றிருந்தார். இந்த முறை அவரே நடுவர். வந்த படைப்புகளில் பாதிக்கு மேல் வீடியோ. ஊர் ஓவியர்கள் அவரைத்தான் நம்பியிருந்தார்கள். முருகேசனின் ஓவியமும் போட்டியில் இருந்தது. செய்திக்காக நானும் போயிருந்தேன்.

மற்ற இரு நடுவர்களும் வீடியோக்களை வேகமாக ஓட்டினார்கள். அக்கா ரிமோட்டை வாங்கிக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டார். "பெயிண்டிங்கை ஓட்டிப் பாக்க முடியாதில்ல? இதையும் ஓட்டாதீங்க." நாற்காலியும் வேண்டாம் என்று நின்றபடியே பார்த்தார்.

ஒரு வீடியோ அடி அண்ணாமலையில் எடுத்தது. வயல், ஒரு ஆடு, பின்னால் மலை. எதுவும் அசையவில்லை. வீடியோ சிக்கிக்கொண்டது என்று ஒரு நடுவர் நிறுத்த எழுந்தார்.

"சார், கை வைக்காதீங்க. ஆடு காதை ஆட்டுது பாருங்க."

"அப்ப ஆட்டுக்கே பரிசு குடுத்துடலாமா மேடம்?"

எல்லோரும் சிரித்தோம். அப்போது ஒரு மேக நிழல் உச்சியில் விழுந்து, சரிவில் மெல்ல இறங்கி, வயலைக் கடந்து ஆட்டை மூடியது. அக்கா என் பக்கம் திரும்பினார். "இந்த நிழலைத்தான் இத்தனை வருஷமா வரையப் பாத்தேன். புடிபடல."

மற்ற இருவரில் ஒருவர் முருகேசனின் ஓவியத்தையும் இன்னொருவர் அந்த வீடியோவையும் பரிசுக்குச் சொன்னார்கள். அக்காவின் வாக்கு வீடியோவுக்குப் போனது.

வாசலில் முருகேசன் காத்திருந்தார். "நீங்களே இப்படிப் பண்ணிட்டீங்களேக்கா! இனிமே பிரஷ்ஷைப் போட்டுட்டு கேமரா வாங்கணுமா?"

"வாங்காதப்பா. உன் படத்தையும் அவ்ளோ நேரம் நின்னுதான் பாத்தேன். வானத்துல அவசரப்பட்டுட்ட."

அவர் விருட்டென்று போய்விட்டார். அடுத்த ஆண்டு வந்த வீடியோக்களில் ஒன்றைக்கூட அக்கா தேர்ந்தெடுக்கவில்லை. ஏன் என்று கேட்டேன். "வீடியோன்னு பரிசு குடுக்கறதும் தப்பு, வீடியோன்னு தள்றதும் தப்பு. பாக்கணும், அவ்ளோதான்."

நேற்று அக்கா வீட்டில் துக்கம் கேட்க வந்த கூட்டம். கூடத்துச் சுவரில் அவர் வரைந்த மலை. பலமுறை அதைக் கடந்து போயிருக்கிறேன்; நேற்றுதான் அதன் முன்னால் நின்றேன். அக்காவின் மகன் நாற்காலி கொண்டுவந்தான். வேண்டாம் என்றேன். முருகேசன் பக்கத்தில் வந்து நின்றார். வெகுநேரம் கழித்து, "அடிவாரத்துல நிழல் போட்டிருக்காங்கண்ணே" என்றார். அதற்குப் பிறகுதான் எனக்கும் தெரிந்தது.

முடியும்வரை நின்று பார்க்கிற வழக்கத்தை அக்காவிடமிருந்து எடுத்துக்கொண்டேன். வீடியோ எப்போது முடிகிறது என்று தெரிந்துவிடுகிறது. ஓவியம் எப்போது முடிகிறது என்றுதான் இன்னும் தெரியவில்லை.