கழுதைப் பாதையில் கம்பளித் தூளி

ஐப்பசி மழையில் போடிமெட்டு ரோட்டில் மண் சரிந்து, பஸ்ஸும் இல்லை லாரியும் இல்லை என்று ஆகியிருந்த சமயம். மேலே ஒரு ஏலத்தோட்டத்தில் என் வீட்டுக்காரர் கணக்குப்பிள்ளையாக இருந்தார். நான் போடியில், அவருடைய அண்ணன் வீட்டில். கல்யாணமாகி இரண்டு வருஷம்தான் ஆகியிருந்தது. அதில் அவரோடு சேர்ந்து இருந்த நாட்களை ஒட்டுப்போட்டுப் பார்த்தால் ஒரு மழைக்காலம்கூடத் தேறாது.

கழுதைகளில் மூட்டை இறக்கிக்கொண்டு வந்த ஆள் ஒருவர் சாயங்காலம் வாசலில் நின்று சேதி சொன்னார்.

"கணக்கருக்குக் காய்ச்சல், ஆத்தா. குளிர்ல தூக்கித் தூக்கிப் போடுது. கஞ்சிகூட எறங்கல. வீட்டு ஆளுக யாராச்சும் வந்தாத் தேவல."

மலைக்காய்ச்சல் எங்கள் தெருவுக்குப் புதிதில்லை. ஆனால் வீட்டு ஆட்கள் வந்தால் தேவலை என்று மலையிலிருந்து சொல்லி அனுப்பினால், அதற்கு என்ன அர்த்தம் என்பது போடியில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

அவருடைய அண்ணனுக்கோ ஏலக்காய் மண்டியில் சரக்கு குவிந்து கிடந்தது. "ரோடு சரியாகட்டும், நானே போயிப் பாத்துட்டு வர்றேன். பொம்பள தனியா மலையேறுனா ஊரு என்ன பேசும்?" என்றார்.

"ஊரு பேசி முடிக்கட்டும். அதுக்குள்ள நான் போயிட்டு வந்துர்றேன்" என்றேன். அந்த வீட்டில் அதுவரை நான் அவர் முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை பேசியதில்லை. அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார்.

இருட்டோடு கிளம்பினேன். முதல் நாள் ராத்திரியே வாங்கி வைத்த, மலைக்காய்ச்சலுக்கான கொய்னா மாத்திரைகளை முந்தானையில் முடிந்து இடுப்பில் செருகியிருந்தேன். ஒரு தூக்கில் கஞ்சித் தண்ணீர், இரண்டு எலுமிச்சம்பழம். மலையடிவாரத்தில் முந்தல் போய்ச் சேரும்போது நன்றாக விடிந்துவிட்டது. அங்கிருந்து ரோட்டை விட்டு, கழுதைகள் ஏறி இறங்கும் பழைய பாதையைப் பிடித்தேன். என் வீட்டுக்காரரோடு ஒரே ஒரு தடவை அந்த வழியாகப் போயிருக்கிறேன். அப்போது அவர் முன்னால் நடந்துகொண்டே, எந்தக் கல் ஆடும், எந்தக் கல் நிற்கும் என்று சொல்லிக்கொண்டே போனார். நான் அதில் ஒன்றைக்கூடக் காதில் வாங்கியிருக்கவில்லை. அவர் முதுகைப் பார்த்துக்கொண்டு போவதே போதுமாக இருந்தது அன்றைக்கு.

இப்போது ஒவ்வொரு கல்லும் ஆடியது. மழை விட்டு விட்டுப் பெய்தது. பாதை போகிற போக்கில் எல்லாம் தண்ணீர் குறுக்கே விழுந்து ஓடியது. அட்டைகள் கணுக்காலில் ஏறின. முதலில் நின்று நின்று பிடுங்கிப் போட்டேன். அப்புறம் குடிக்கிற மட்டும் குடித்துவிட்டு விழட்டும் என்று விட்டுவிட்டேன். நிற்கிற நேரம் ஒவ்வொன்றும் அவர் உயிரிலிருந்து நான் எடுத்துக்கொள்கிற நேரம் என்று தோன்றியது.

நான் வேண்டாத சாமி இல்லை. மொட்டை போடுகிறேன், பால்குடம் எடுக்கிறேன், மண்சோறு தின்கிறேன் என்று ஏறிக்கொண்டே பேரம் பேசினேன். கொஞ்ச தூரம் போனதும் அவர் மேலேயே கோபம் வந்தது. கீழே இல்லாத கணக்கா, இந்த மனுஷன் எதற்காக மலையில் போய் உட்கார்ந்தார் என்று சத்தமாகவே திட்டினேன். மூச்சு வாங்கியது. கேட்க ஆளும் இல்லை.

மேகம் இறங்கி, பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியாத ஓர் இடத்தில், மேலிருந்து ஆட்கள் வரும் சத்தம் கேட்டது. "ஒதுங்கு ஆத்தா, ஒதுங்கு" என்றது ஒரு குரல். அரிவாளோடு ஒருவர் முன்னால் வந்தார். அவருக்குப் பின்னால் இரண்டு பேர் தோளில் ஒரு மூங்கில். மூங்கிலில் கறுப்புக் கம்பளியைத் தூளியாகக் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். மாற்றுத் தோள் கொடுக்க இன்னும் ஒருவர் கூடவே வந்தார். மலையில் நடக்க முடியாத நோயாளியை அப்படித்தான் இறக்குவார்கள்.

தூளி எதிரே வந்தால் என்ன செய்ய வேண்டும் என்பது எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். பாறைப் பக்கம் ஒதுங்கி, முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்க வேண்டும். யாரு, எங்கே என்று வாய் திறக்கக் கூடாது. சும்மா கடைக்குப் போகிறவரிடமே எங்கே போகிறாய் என்று கேட்டால் காரியம் கெடும் என்பார்கள். உயிரைத் தூக்கிக்கொண்டு போகிறவர்களிடம் கேட்கலாமா? கேட்டால் அந்த உயிர் கீழே போய்ச் சேராது.

நான் முந்தானையால் தலையை மூடிக்கொண்டு பாறையைப் பார்த்துத் திரும்பி நின்றேன். ஈரக் கம்பளி வாடை என்னை உரசிக்கொண்டு போனது. யார் பெற்ற பிள்ளையோ, நல்லபடியாகப் போய்ச் சேரட்டும் என்று மனதார நினைத்தேன். அவர்கள் போன பிறகு அதே கல்லில் காலை வைத்து மேலே ஏறினேன்.

மெட்டைத் தாண்டித் தோட்டத்துக்குள் நுழையும்போது உச்சிப்பொழுது கழிந்திருந்தது. ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரிலிருந்து புகை வந்துகொண்டிருந்தது. அடுப்புக்கு விறகு தள்ளிக்கொண்டிருந்த மலையாளத்துக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். கணக்கர் வீட்டுக்காரி என்றேன். அவர் கையிலிருந்த விறகைக் கீழே வைத்துவிட்டார்.

"கணக்கரைக் காலத்தே, விடிஞ்சதும் கொண்டுபோயாச்சே அம்மா. கம்பளியில கெட்டித்தான் கொண்டுபோனது. பக்கத்து எஸ்டேட் ஆளுக. வழியில பாத்தில்லே?"

பார்த்தேனா? நான் பாறையைப் பார்த்தேன். பாறையில் பாசி இருந்தது, ஒரு மரவட்டை ஊர்ந்துகொண்டிருந்தது. அதெல்லாம் எனக்கு நன்றாகத் தெரியும். என் புருஷன் என் முதுகுக்குப் பின்னால், கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் போனது மட்டும் தெரியாது. மாத்திரை என் இடுப்பில்தான் இருந்தது.

அவர் கட்டன்சாயா கொடுத்தார். குடித்தேனா என்று நினைவில்லை. திரும்பி இறங்க ஆரம்பித்துவிட்டேன். இறங்கினேன் என்று சொல்வது பொய். பாதி தூரம் விழுந்தேன். முழங்கால் தோல் உரிந்தது, தூக்கு உருண்டு எங்கேயோ போனது. ஏறும்போது ஆயிரம் சாமியிடம் பேசியவளுக்கு இறங்கும்போது ஒரு சாமி பெயரும் வரவில்லை. ஒரு வார்த்தை கேட்டிருந்தால் என்ன, ஒரே ஒரு வார்த்தை, "யாருங்க?" என்று. அதையே சொல்லிக்கொண்டு இறங்கினேன். வழியில் கேட்டவர்கள் பைத்தியம் என்று நினைத்திருப்பார்கள்.

முந்தலில் ஒரு மாட்டுவண்டிக்காரர் என் கோலத்தைப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் ஏற்றிக்கொண்டார். போடி ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும்போது விளக்கு வைக்கிற நேரம்.

அவர் உயிரோடு இருந்தார். ஊசி போட்டிருந்தார்கள். கன்னம் ஒட்டி, உதடு வெடித்து, ஆளே அடையாளம் தெரியவில்லை. ஆனால் நினைவு தெளிவாக இருந்தது. நான் கட்டிலடியில் உட்கார்ந்து அவர் காலைப் பிடித்துக்கொண்டேன்.

"எதுத்தாப்பல வந்தேங்க. நீங்கன்னு தெரியலங்க" என்றேன்.

"தெரியும். பாத்தேன்" என்றார்.

எனக்குப் புரியவில்லை.

"கம்பளியில ஒரு ஓட்டை. அதுல பாத்தேன். பாறையப் பாத்து நின்ன. ஒன்னத் தாண்டுன பெறகுதான் நீயின்னு பிடிபட்டுச்சு."

"பாத்துட்டுமா சும்மா போனீங்க? ஒரு சத்தம் குடுத்தா என்ன?"

"மலையேறிப் போறவளப் பின்னால கூப்பிடுவாகளா? வழுக்குப் பாறை. என்னால ஒனக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிருச்சுன்னா?"

அவர் அதை ரொம்ப நியாயமான விஷயம்போலச் சொன்னார். எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. அறிவு இருக்கிறதா உங்களுக்கு என்று கேட்டேன். புருஷனிடம் கேட்கிற கேள்வியா என்று வார்டில் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அவருக்குச் சிரிப்பு வந்தது. சிரித்ததில் இருமல் வந்தது.

"நெஞ்சு காயுது. வெந்நி கொண்டா" என்றார்.

பக்கத்துக் கட்டிலில் இருந்தவரிடம் செம்பு வாங்கிக்கொண்டு வெளியே போனேன். டீக்கடையில் அடுப்பை அப்போதுதான் தூண்டிவிட்டிருந்தார்கள். வெந்நீர் கொதிக்கும்வரை நின்று வாங்கிக்கொண்டு திரும்பினேன். அவர் கண் வாசலைப் பார்த்தபடி நிலைத்திருந்தது. நர்ஸம்மா கையைப் பிடித்துப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தார்.

பக்கத்துக் கட்டில்காரர்தான் சொன்னார்.

"நீ வாசப்படி தாண்டவும் அவருக்கு மூச்சு முட்டிப்போச்சு, ஆத்தா. ஒன்னக் கூப்பிடவான்னு கேட்டேன். போறவளக் கூப்பிடாதன்னு கைய ஆட்டிட்டாரு."

டீக்கடை ஆஸ்பத்திரி வாசலுக்கு நேர் எதிரே இருந்தது. ஒரு குரல் கொடுத்திருந்தால் எனக்குக் கேட்டிருக்கும்.